கழுவிய பாடிக்கு நேரே பிரைமர் அடிக்கலாமா?

ஜனவரி 4, வாசகர் ஒருவரின் கேள்வி

1/24 அளவில் இரண்டு கார் மாதிரிகளைக் கட்டி முடித்திருக்கிறேன். மூன்றாவதைத் தொடங்கும் முன் ஒரு கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியிலிருந்து எடுக்கும் புதிய பாடி, அதாவது காரின் பிளாஸ்டிக் மேலுடல், வழவழப்பாகத்தான் இருக்கிறது. அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, உலரவைத்து, நிறத்துக்கு முந்தைய அடிப்பூச்சான பிரைமரை அடித்தால் போதும். பாடி முழுவதையும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் தேய்ப்பதில் உள்ள சுகத்துக்காகச் சொல்கிறார்கள் என்றே நினைக்கிறேன். சின்னக் குறைகளைப் பிரைமரே நிரப்பிவிடும் அல்லவா?

ஜனவரி 4, இரவு, என் பதில்

நிரப்பாது. என் முதல் நான்கு பாடிகளை நீங்கள் சொல்லும் முறையில்தான் முடித்தேன். இரண்டாவது, கருநீல செடான். ஐந்து பூச்சு அடித்து முடித்து விளக்கடியில் வைத்துப் பார்த்தபோது முன் மட்கார்டின் மேல் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் எடுக்கப் போனேன், வரவில்லை. நகத்தால் நெருடினேன், அப்போதும் வரவில்லை. மறுபக்க மட்கார்டிலும் அதே இடத்தில் அதே நீளத்தில் இன்னொரு முடி இருப்பதைப் பார்த்த பிறகுதான் அது அச்சுக்கோடு என்று புத்திக்கு எட்டியது.

தவிர, தேய்க்காத பரப்பில் பெயின்ட் பிடிக்காது. மறைப்பு டேப்பை உரிக்கும்போது அதோடு சேர்ந்து வந்துவிடும். ஆகவே முழுவதும் தேய்க்கத்தான் வேண்டும்.

ஜனவரி 5

அச்சுக்கோடுகள் எங்கே இருக்கும் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கார் பாடியின் அச்சு ஒரே துண்டாக இருக்க முடியாது. மேற்புறத்துக்கு ஒரு பகுதி, இரு பக்கங்களுக்கும் முன்பின் முகங்களுக்கும் வெளிப்பக்கமாக நகர்ந்து விலகும் பகுதிகள் என்று பல துண்டுகள் கூடித்தான் ஒரு பாடியை வார்க்கின்றன. அவை ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் பிளாஸ்டிக் மிக மெல்லிதாகப் பிதுங்கி நிற்கும். பெரும்பாலான பாடிகளில் முன் மட்கார்டின் உச்சி, பின்தூணிலிருந்து கூரை விளிம்பு வரை, பம்பரின் நான்கு மூலைகள் ஆகிய இடங்களில் தேடினால் கிடைக்கும். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் கண்ணுக்கு எளிதில் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்துக்கொண்டு பாடியை மெல்லச் சுழற்றினால் வெளிச்சம் ஓரிடத்தில் முறிவது தெரியும்.

கத்தியின் முதுகுப்பக்கத்தால் மெல்லச் சுரண்டிவிட்டு, பிறகு 600, அதைவிட நுண்ணிய 1000 என்று உப்புத்தாளை மாற்றித் தேய்த்தால் கோடு போய்விடும். அதில் ஒரு சிக்கல் உண்டு. பல கார்களில் அச்சுக்கோடு ஓடும் அதே இடத்தில், வடிவமைப்பாளர் வேண்டுமென்றே வைத்த மடிப்பு விளிம்பு ஒன்றும் ஓடும். அச்சுத் துண்டுகளின் இணைப்பை அத்தகைய விளிம்பில் ஒளித்துவைப்பது அச்சு செய்பவருக்கு வசதி. கோட்டை ஒழிக்கிறேன் என்று அந்த மடிப்பையே உருட்டிவிட்டால், கார் சோப்புக்கட்டி தேய்ந்ததுபோல ஆகிவிடும். அசல் காரின் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் மட்கார்டில் கைவைப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 7

4ஆம் தேதி எழுதியதில் ஒரு பிழை. தேய்க்காவிட்டால் பெயின்ட் உரியும் என்று அடித்துச் சொன்னேன். ஆதாரம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை. நானும் யாரோ சொல்லக் கேட்டதுதான். எனவே நேற்று, பாகங்கள் பொருந்தி வரும் உதிரிச் சட்டத்திலிருந்து நான்கு தட்டையான துண்டுகளை வெட்டிக் கழுவினேன். இரண்டை 1000 தாளால் தேய்த்தேன், இரண்டை விட்டுவிட்டேன். ஒவ்வொரு வகையிலும் ஒன்றுக்கு வீரியமான கரைப்பான் கலந்த லாக்கர் பிரைமர், ஒன்றுக்கு நீரில் கரையும் அக்ரிலிக் பிரைமர். ஒரு நாள் காயவிட்டு, கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப் ஒட்டி உரித்துப் பார்த்தேன்.

லாக்கர் இரண்டிலும் அசையவில்லை. பாடியின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனின் மேற்பரப்பை லாக்கரின் கரைப்பான் சற்றே இளக்கிக் கவ்விக்கொள்கிறது. அதற்குச் சொரசொரப்பு தேவைப்படவில்லை. அக்ரிலிக்கில், தேய்த்த துண்டு தாங்கியது. தேய்க்காத துண்டில் கீறிய ஓரங்கள் டேப்போடு வந்துவிட்டன. நான்கு துண்டுகளை வைத்துச் சட்டம் இயற்ற முடியாதுதான். ஆனாலும் லாக்கர் அடிப்பவருக்கு, ஒட்டுவதற்காகத் தேய்க்க வேண்டும் என்ற என் வாதம் நிற்கவில்லை. ரெசின் எனும் வார்ப்புப் பிசினாலான பாடிக்கும் உலோகப் பாடிக்கும் இது பொருந்தாது. அங்கே கவ்வ இளகும் பரப்பு கிடையாது.

ஜனவரி 7, இரவு

அப்படியானால் கேள்வி கேட்டவர் வென்றுவிட்டாரா என்று ஒருவர் சிரிக்கிறார். பாதி வென்றார். நான் இப்போதும் பாடி முழுவதையும் தேய்க்கிறேன். காரணம் மட்டும் மாறிவிட்டது. பளபளக்கும் பரப்பில் பள்ளம் தெரியாது. தட்டையான கட்டையில் 1000 தாளைச் சுற்றி நீர் தொட்டுத் தேய்த்தால், மேடான இடமெல்லாம் மங்கும்; பள்ளம் மட்டும் பளபளப்பாக நிற்கும். பிளாஸ்டிக் தடிமனாக உள்ள இடம் மெதுவாகக் குளிர்ந்து உள்ளே சுருங்குவதால் வரும் பள்ளங்கள் அவை. கூரையின் உட்புறத்தில் தூணோ விலா எலும்புபோல் தடித்த வரியோ இருந்தால் அதற்கு நேர் வெளியே பாருங்கள். என் செடானில் பானெட்டின் நடுவே ஒன்று இருந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளாக அலமாரியில் பார்த்துக்கொண்டிருந்தும், இந்தக் குறிப்பை எழுதும்போதுதான் எழுந்து போய்ப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

ஜனவரி 8

600 தாள் கீறுகிறது என்று ஒருவரும், மெருகேற்றுகிறது என்று இன்னொருவரும் வாதிடுகிறார்கள். தாள் எண்களைப் பற்றிச் சண்டை வேண்டாம். இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். எண்ணுக்கு முன் ‘பி’ என்ற எழுத்து இருந்தால் அது ஐரோப்பிய அளவுமுறை. பி400இன் துகள் சராசரியாக 35 மைக்ரான், பி1000 சுமார் 18, பி2000 சுமார் 10. எழுத்தில்லாமல் வெறும் 600 என்று அமெரிக்க முறையில் அச்சிட்ட தாள், ஏறக்குறைய பி1200க்குச் சமம். ஆகவே ஒருவரின் 600 கீறிய இடத்தில் இன்னொருவரின் 600 மெருகேற்றியிருக்கும். நான் இங்கே எழுதும் எண்கள் எல்லாம் ‘பி’ முறை.

ஜனவரி 11

இனி, கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றின் இடுக்குக் கோடுகள். இந்த வேலையில் நான் அதிகம் இழந்தது இங்கேதான்.

அசல் காரில் கதவுக்கும் மட்கார்டுக்கும் இடையே ஏறத்தாழ 4 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/24இல் அது 0.17 மி.மீ. அசல் காரின் மொத்த பெயின்ட் தடிமன் 0.1 மி.மீ.க்கு அருகில் இருக்கும். நாமும் பிரைமர், நிறம், நிறமற்ற மேற்பூச்சான கிளியர் எல்லாம் சேர்த்து அதே 0.1 மி.மீ.தான் அடிக்கிறோம் என்றாலும், அளவைப் பெருக்கிப் பார்த்தால் நம் காரின் மேல் 2.4 மி.மீ. தடிமனுக்கு பெயின்ட் கிடக்கிறது. 0.17 மி.மீ. இடுக்கின் இரு சுவரிலும் அது படிந்தால் மிஞ்சுவது என்ன? முடிந்த காரில் கதவு இருக்கிறதா என்று ஒருவர் கேட்கும் நிலைமைதான்.

எனவே பிரைமருக்கு முன்பே கோடுகளை ஆழப்படுத்த வேண்டும். அகலப்படுத்துவது அல்ல, ஆழம் கூடினால் போதும், நிழல் தானாக விழும். இதற்கென உள்ள கொக்கிமுனைக் கருவியோ, கத்தி முனையின் முதுகுப்பக்கமோ உதவும். கத்தியின் வெட்டும் பக்கம் பிளாஸ்டிக்கைப் பிளந்து இரு கரையிலும் மேடு எழுப்பும். முதுகுப்பக்கமோ மெல்லிய சுருளாக அதைச் செதுக்கி எடுக்கும். முதல் மூன்று நான்கு இழுப்புகளுக்கு அழுத்தமே கூடாது, கருவியின் எடை போதும். வழி பதிந்த பிறகுதான் கை அழுத்தம் சேரலாம். கதவின் கீழ் மூலையில் கோடு வளையும் இடத்தில், இரு திசையிலிருந்தும் மூலையை நோக்கி இழுத்து நிறுத்துகிறேன். ஒரே வீச்சில் வளைக்க முயன்றபோதெல்லாம் கருவி நழுவிக் கதவின் நடுவே ஓடியிருக்கிறது. எரிபொருள் மூடியின் சிறு வட்டத்தை நான் இப்போதும் பயந்துகொண்டுதான் தொடுகிறேன்.

ஜனவரி 12

நழுவினால் என்ன செய்வது என்று உடனே கேட்டவரின் கையில் கருவி இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். உடனடிப் பசையை ஊசி முனையில் தொட்டுக் கீறலில் விடுங்கள், இறுகியதும் தேய்த்துவிடுங்கள். நாளைக்குத் தேய்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் போனால் அந்தப் பசை பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும். தாள் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டுப் பசையை மேடாக விட்டுவிடும்.

ஜனவரி 12, சற்று நேரம் கழித்து

முன்தூண்களைச் சொல்ல மறந்துவிட்டேன். கூரையைத் தேய்க்கும்போது பாடியை எப்படிப் பிடிக்கிறீர்கள்? நான் உள்ளங்கையில் கவிழ்த்துப் பிடித்து அழுத்தியதில், முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்களும் ஒரே நொடியில் முறிந்தன. இப்போது பாடியின் உள்ளே அடர்த்தியான பஞ்சு அட்டையை அளவாக வெட்டிச் செருகிவிட்டுத்தான் கூரையைத் தொடுகிறேன்.

ஜனவரி 19

குழியையும் இணைப்பையும் நிரப்பும் பட்டியைப் பற்றித் தனியே எழுதச் சொன்னார்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன், ஏனெனில் இதில் நான் கற்றது முழுவதும் தோல்வியிலிருந்துதான்.

டியூபில் வரும் ஒற்றைக்கூறு லாக்கர் பட்டி, கரைப்பான் ஆவியாவதால் இறுகுகிறது. ஆவியாவது என்றால் அளவில் குறைவது. தடித்து அப்பிய பட்டி மேலே தோல் கட்டிவிடும். உள்ளே வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டிருக்கும். என்னிடம் இரு பகுதிகளாக வந்த ஒரு பந்தயக் காரின் பாடி இருந்தது. கூரையின் நடு இணைப்பைப் பட்டியால் நிரப்பி, இரண்டாம் நாளே தேய்த்து, கண்ணாடிபோல ஆக்கி, சிவப்பு அடித்து, கிளியர் அடித்து, மெருகேற்றி முடித்தேன். ஆறு வாரம் கழித்து அந்த இணைப்பு மெல்ல எழுந்து வந்தது. பெயின்ட் விரிசல் விடவில்லை, கோடு மட்டும் உள்ளிருந்து நிழல்போலத் தெரிந்தது. பட்டியைத் திட்டினேன். பிறகு யோசித்தபோது, குற்றவாளி பட்டி மட்டும்தானா என்று ஐயம் வந்தது. இணைப்புக்கு நான் ஊற்றிய திரவ சிமென்ட்டும், அதாவது பிளாஸ்டிக்கை ஒட்டும் பசையும், பிளாஸ்டிக்கை இளக்கி ஊதவைத்திருக்கும். நான் தேய்த்துச் சமப்படுத்தியது அந்த ஊதிய பரப்பை. கரைப்பான் வெளியேறியதும் அது அமிழ்ந்திருக்கும்.

ஆகவே இப்போது இணைப்புகளை ஒட்டிவிட்டுக் குறைந்தது ஒரு வாரமாவது பாடியைத் தொடுவதில்லை. ஆழமான குழிக்கு இரு கூறு பாலியெஸ்டர் பட்டி. அது வேதிவினையால் இறுகுவதால் சுருக்கம் மிகக் குறைவு. ஒற்றைக்கூறு பட்டியை மெல்லிய கீறலுக்கு மட்டும், அதுவும் மெல்லிய இரண்டு மூன்று அடுக்காக, இடையில் காயவிட்டு. பட்டி பார்ப்பதில் பெரிய கார்களின் டிங்கரிங் பட்டறைக்காரர்கள் செய்வதும் இதுதான். அவர்களிடம் போய் நின்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஜனவரி 20

ஒரு வாரம் மிகை என்கிறார் ஒருவர். ஆறு வாரம் கழித்து அழுதவன் நான் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

ஜனவரி 26

கழுவுவது பற்றி. முதல் கேள்வியில் எனக்கு முழு உடன்பாடு உள்ள ஒரே பகுதி இது என்பதால் இதுவரை எழுதவில்லை. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி, இளஞ்சூட்டுத் தண்ணீர், மென்மையான பழைய பல்துலக்கி. கொதிநீர் கூடாது, பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் முற்றிலும் இளகும் பொருள், மெல்லிய தூண்கள் அதற்கு முன்பே கோணிவிடும். ரெசின் பாடி என்றால் இரண்டு முறை கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கவும் வேண்டும், ஏனெனில் அச்சிலிருந்து விடுபடப் பூசிய எண்ணெய்ப் பொருள் அதில் அதிகம் ஒட்டியிருக்கும். ரெசினைத் தேய்ப்பதானால் நீர் தொட்டே தேயுங்கள், முகக்கவசமும் அணியுங்கள்; அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. நகப்பூச்சு நீக்கி கொண்டு துடைக்கலாமா என்று கேட்டவருக்கு: கூடவே கூடாது. அதில் உள்ள அசிட்டோன் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். கதவில் என் கட்டைவிரல் ரேகை பதிந்த கார் ஒன்று வீட்டில் இருக்கிறது. அது திருடுபோனால் காவலர்களுக்கு வேலை மிச்சம்.

கழுவுவது ஒரு முறை செய்து முடிக்கும் வேலையுமல்ல. நான் மூன்று முறை கழுவுகிறேன்: தொடக்கத்தில், தேய்த்து முடித்ததும், பிரைமருக்குச் சற்று முன். மூன்றாவதற்குப் பிறகு கையுறை இல்லாமல் தொடுவதில்லை.

பிப்ரவரி 2

மூன்றாவது கார் சிவப்புப் பிளாஸ்டிக்கில் வந்திருக்கிறது, அதற்கு வெள்ளை அடிக்க எண்ணம் என்கிறார் கேள்வி கேட்டவர். நில்லுங்கள். சிவப்புப் பிளாஸ்டிக்கின் சாயத்தை லாக்கர் கரைப்பான் மேலே இழுத்து வரும். அடித்த அன்று வெள்ளையாக இருக்கும். சில நாளில் இளஞ்சிவப்பாகும். மேலே எத்தனை வெள்ளை அடித்தாலும் ஒவ்வொரு ஈரப் பூச்சும் இன்னும் கொஞ்சம் சாயத்தைக் கூட்டி வரும். பிரைமருக்கு மேல் வெள்ளி நிறத்தை ஒரு பூச்சு அடித்துவிட்டால், அதிலுள்ள உலோகச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தடுப்பாகிவிடும். அதற்குமேல் மறுபடி வெள்ளைப் பிரைமர், பிறகு நிறம்.

பிப்ரவரி 5

வெள்ளி முழுத் தடுப்பு என்பதுபோல எழுதிவிட்டேன். அது அடிக்கும் விதத்தைப் பொறுத்தது. மேலே வரும் பூச்சை நனைய நனைய அடித்தால் கரைப்பான் செதில்களுக்கிடையே இறங்கிவிடுகிறது. என் இரண்டு பாடிகளில் ஒன்றில் சாயம் நின்றது, இன்னொன்றில் கதவின் கீழ்ப்பகுதியில் மட்டும் லேசாகக் கசிந்தது. அங்கேதான் நான் கை தாமதித்து ஈரமாக அடித்திருந்தேன். மெல்லிய தூவலாக இரண்டு மூன்று முறை அடித்து இடையே காயவிடுங்கள். காருக்குச் சிவப்பே அடிக்கலாம் என்ற எளிய தீர்வையும் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை.

பிப்ரவரி 9

பிரைமர் அடித்தாயிற்று என்று படம் வந்திருக்கிறது. சாம்பல் நிறம் சரியான தேர்வு; மங்கலான ஒரே நிறப் பரப்பில்தான் கண் ஏமாறாது. இப்போது கறுப்பை வெகு தூரத்திலிருந்து புகைபோலத் தூவி, காய்ந்ததும் கட்டையில் சுற்றிய 1500 தாளால் நீர் தொட்டு லேசாகத் தேயுங்கள். மேட்டில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் தங்கும். பிளாஸ்டிக் தெரியும் அளவுக்கு எங்கும் தேய்க்காதீர்கள். விளிம்புகளில் பரப்பு இழுவிசையால் பூச்சு விலகி எப்போதும் மெல்லிதாகவே நிற்கும்; தாள் அங்கேதான் முதலில் துளைக்கும். நான் மடிப்பு விளிம்புகளின் மேல் மெல்லிய டேப் ஒட்டிக்கொண்டு இரு பக்கமும் தேய்க்கிறேன்.

டிக்கியின் மேல் உள்ள எழுத்துகளைக் காப்பாற்றும் வழி ஒன்றும் உண்டு, ஆனால் அதற்கு நேரம் கடந்துவிட்டது. பிரைமருக்கு முன்பே எழுத்துகளின் மேல் ஒட்டும் உலோகத் தாளை அழுத்தி ஒட்டி, எல்லாப் பூச்சும் முடிந்த பிறகு, தின்னர் தொட்ட பஞ்சுக்குச்சியால் எழுத்தின் உச்சியை மட்டும் மெல்லத் துடைத்தால் கீழிருந்து உலோகம் மின்னும். அடுத்த காருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 10

கூரையில் குட்டிக் குட்டி வட்டக் குழிகள், பிரைமர் விலகி ஓடியதுபோல, என்கிறார். அது எண்ணெய் அல்லது சிலிக்கோன். அதே அறையில் மேசைக்கோ செருப்புக்கோ மெருகுத் தெளிப்பு அடித்தீர்களா? ஒரு முறை எனக்கு இது நேர்ந்தபோது பிரைமரைக் குறை சொல்லி மூன்று நாள் கழித்தேன். கடைசியில் காரணம், நான் கையில் தடவியிருந்த கிரீம். அதன்மேலேயே இன்னொரு பூச்சு அடித்து மூடப் பார்க்காதீர்கள், குழி மறுபடி திறக்கும். நன்றாகக் காயவிட்டு, அந்த இடத்தைத் தேய்த்துச் சமமாக்கி, சோப்பால் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, மெல்லிய தூவலாகத் தொடங்குங்கள். ஆல்கஹால் லாக்கர் பிரைமரைக் கரைக்கிறதா என்று பாடியின் உட்புறத்தில் முதலில் தொட்டுப் பாருங்கள். அக்ரிலிக் என்றால் பெரும்பாலும் கரைக்கும்.

பிப்ரவரி 16

குழிகள் போய்விட்டன, கதவுக்கோடுகள் தெளிவாக நிற்கின்றன, நாளை நிறம் அடிக்கலாமா என்ற கேள்விக்கு: அடிக்கும் முன் இரண்டு காரியம். அடிச்சட்டம், உள்ளறை, கண்ணாடி மூன்றையும் ஒரு முறை பாடியில் பொருத்திப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் உட்புற ஓரத்தை இப்போதே செதுக்கிவிடலாம், பெயின்ட் ஏறிய பிறகு இன்னும் இறுகும். அடுத்து, பாடியை மூக்கருகே கொண்டுபோங்கள். தின்னர் வாடை துளி இருந்தாலும் பிரைமர் இன்னும் காயவில்லை, நாளை வேண்டாம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது முன் மட்கார்டின் மேல் ஒரு முடி இருக்கிறது. முடிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 16, இரவு

முடிதானாம். ஊதியதும் பறந்துவிட்டதாம்.